போக இடமில்லாதவை

பின் பள்ளத்தாக்கு, ஸ்பிட்டி
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மெர்சி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் அண்ணியும் சுகமா? அண்ணியின் முதுகுவலி குறைந்ததா?

இங்கே டவர் கிடையாது. கூடாரத்துக்குச் சாமான் வாங்க காஜா ஊருக்கு ஜீப் போகும்போதுதான் தபால் போகும், வரும். அதனால் போன் வரவில்லை என்று பயப்படாதே. காலையில் எழுந்தால் வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருக்கிறது. கத்திரி முடிந்தும் அங்கே அனல் குறையவில்லை என்று இங்கே ரேடியோவில் கேட்டேன். இந்த வாளியை அப்படியே உனக்கு அனுப்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"அப்படி இன்னாதான் இருக்குது அந்த மலையில?" என்று சென்ட்ரலில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலை ஆழமில்லாத கடலாக இருந்தது. பாறையின் கீழ் அடுக்குகளில் மட்டி மாதிரி இரண்டு ஓடு மூடிய உயிர்கள், விசிறி மாதிரி விரிந்த உயிர்கள் எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. அதற்கு மேலே துருப்பிடித்த இரும்பு நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்று. பட்டைக்கு மேலே அநேகமாக யாரும் இல்லை. எரிமலைகள் நெடுங்காலம் கக்கியதில் பூமி சூடாகி, கடலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. அந்தக் கடல் எவ்வளவு சூடானது என்று மணலளவு சின்னப் பற்களை வைத்துக் கணக்கிடுவதுதான் என் வேலை. பல் யாருடையது என்று கேட்காதே, விலாங்கு மாதிரி ஒரு பிராணி.

வெயிலில் நின்று லாரிக்கு லோடு ஏற்றும்போது தலையில் துண்டு போட்டுக்கொள். பதில் எழுது.

உன் அன்புத் தங்கை,
மெர்சி


புதுகும்மிடிப்பூண்டி
14 ஜூன் 2024

அன்புள்ள தங்கை மெர்சிக்கு அண்ணன் எட்வர்ட் எழுதுவது.

இங்கு நானும் செல்வியும் கர்த்தரின் தயவால் சுகம். நீ அங்கே குளிருக்கு அடக்கமாக இருக்கிறாயா? உன் கடிதத்தை செல்வி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஒரு கெட்ட செய்தி. முனுசாமி அண்ணன் போய்விட்டார். நம் வீட்டுக்குத் தகரம் மாற்ற வந்தாரே, கவரப்பேட்டைக்காரர், அவர்தான். என் மில்லிலேயே பர்னஸ் வாயில் கான்ட்ராக்டில் நின்றுகொண்டிருந்தார். கம்பிக்கான இரும்பைச் சிவக்கக் காய்ச்சி வெளியே இழுக்கும் இடம் அது. போன வியாழக்கிழமை மத்தியானம் உளற ஆரம்பித்தாராம். "ஊட்டுக்குப் போவணும், மாடு அவுத்துக்கினு போச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவரில் போய் மோதி விழுந்திருக்கிறார். அவருக்கு மாடே கிடையாது. நான் வெளியே டெஸ்பாட்சில் இருந்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பைத் தொட முடியவில்லை மெர்சி, அப்படிச் சுட்டது. வேர்வையும் இல்லை. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பர்சனல் ஆபீசர் சரவணகுமார் எங்களைக் கூப்பிட்டு, "குடிச்சிட்டு வந்துருப்பாம்ப்பா. நாம இன்னா பண்றது" என்றார். முனுசாமி அண்ணன் குடிக்கமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

நீ சூட்டைப் பற்றித்தானே படிக்கிறாய். சூட்டில் உயிர் எப்படிப் போகிறது? எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுது. நாலு பேருக்குச் சொல்லவேண்டும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அண்ணன்,
எட்வர்ட்


பின் பள்ளத்தாக்கு
27 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். முனுசாமி அண்ணன் செய்தியைப் படித்த அன்று என்னால் மலையேற முடியவில்லை. நம் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொம்பில் தண்ணீர் கேட்டவர் அவர்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். மனித உடம்பை டாக்டரிடம்தான் கேட்கவேண்டும். எனக்கு என் கடல்தான் தெரியும்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். அதே சூட்டில் அந்தப் பிராணியின் உடம்பு முன்னைவிட அதிகப் பிராணவாயு கேட்கும். வரவு குறைகிற நேரத்தில்தான் செலவு கூடுகிறது. நீந்தத் தெரிந்தவை விலகிப் போயின. பாறையில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தவற்றால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே மூச்சு முட்டிச் செத்தன.

இதில் எங்கள் ஆட்கள் சிலர் சொல்லும் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சூடான கடலில் பழகியவை குளிர்ந்த பக்கமாக நகர்ந்து தப்பிக்கப் பார்த்தன. ஆனால் முதலிலிருந்தே குளிர்ந்த ஓரத்தில் இருந்தவற்றுக்கு, அதைவிடக் குளிர்ந்த இடம் என்று ஒன்று இல்லை. அவைதான் அதிகம் அழிந்திருக்கவேண்டும் என்கிறார்கள். வலு இல்லாமல் அல்ல அண்ணா, போக இடமில்லாமல்.

மனிதனுக்கு வேர்வை இருக்கிறது, கால் இருக்கிறது. தண்ணீரும் கொடுத்து, நடுநடுவே வெளியே போய் உட்காரவும் விட்டால் பிழைத்துக்கொள்வான். முனுசாமி அண்ணனை விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்.

அன்புடன்,
மெர்சி


புதுகும்மிடிப்பூண்டி
11 ஜூலை 2024

அன்புள்ள தங்கை மெர்சிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். சளி பிடித்தால் அசட்டையாக இருக்காதே.

உன் கடிதத்தை மில் கேட் எதிரில் இருக்கும் டீக்கடையில் சத்தமாகப் படித்தேன். முதலில் சிரித்தார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு செத்தது என்ற இடம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. என்னோடு லோடு ஏற்றும் லோகு டீயைக் கீழே வைத்துவிட்டு, "உன் தங்கச்சி நம்ம மில்லப் பத்தித்தான் எயுதிக்கிதாண்ணா?" என்று கேட்டான். ஒரிசாப் பையன்களுக்கு அவனே இந்தியில் சொன்னான்.

பிறகு மனு எழுதினோம். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர், மணிக்கு ஒருமுறை வெளியே நிழலில் உட்கார அனுமதி, முனுசாமி அண்ணன் சாவுக்கு விசாரணை. ஒன்று மில்லுக்கு, ஒன்று தொழிற்சாலை ஆய்வாளருக்கு. முதல் கையெழுத்து யார் போடுவது என்று வந்தபோது எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். நான் போட்டேன்.

சரவணகுமார் கோபப்படவில்லை. சிரித்தார். "மீனு செத்துச்சு நத்த செத்துச்சுன்னா நாம மில்ல மூடிக்கினு போவ முடியுமா எட்வர்ட்? உனுக்கு வெயிலுதான பேஜாரு? வெயில் படாத எடமாப் பாத்துத் தர்றேன்" என்றார். சொன்னபடி மறுநாளே என் செக்‌ஷனை மாற்றிவிட்டார். இனி லாரிகளுக்கு நடுவே வெயிலில் அலையவேண்டாம். கூரைக்குள்ளேதான் வேலை. ஆகையால் துண்டு விஷயமாக நீ கவலைப்படாதே.

உன் வேலை எந்த மட்டில் இருக்கிறது? பல் கிடைத்ததா?

அண்ணன்,
எட்வர்ட்


பின் பள்ளத்தாக்கு
24 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

சுகம், சுகமே அறிய ஆசை. கடிதத்தைக் கையில் வாங்கியதும் ஒரே சந்தோஷம். நீ எழுந்து பேசியதற்கும், வெயிலிலிருந்து தப்பித்ததற்கும்! அந்த ஆபீசரை நான் தப்பாக நினைத்துவிட்டேன். எப்படியோ நல்லது நடந்தால் சரி. ஆய்வாளர் வந்தாரா?

எனக்கும் நல்ல காலம். பட்டைக்கு மேலே சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சல் கிடைத்தது. நகத்தின் அளவு கூட இல்லை, காகிதம் மாதிரி மெலிசு. பிழைத்தவை எல்லாம் இப்படித்தான் சிறுத்துப்போய் இருக்கின்றன. எங்கள் பேராசிரியர் அதைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். வடக்கு முகத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, அங்கே மூன்று நாலு வாரம் தங்கிக் கல்லெடுக்கப் போகிறோம். அங்கே ஜீப்பும் வராது. அதனால் என் பதில் தாமதமாகும்.

உன் கையெழுத்து ஏன் கோணிக்கொண்டு போகிறது? பேருந்தில் உட்கார்ந்து எழுதினாயா?

அன்புடன்,
மெர்சி


புதுகும்மிடிப்பூண்டி
4 ஆகஸ்டு 2024

அன்புள்ள மெர்சிக்கு,

நலம். நீ நலமா? கிளிஞ்சல் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். செல்வியிடம் நகத்தைக் காட்டி, "இத்தினியூண்டு" என்று சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம்.

பேருந்தில் எழுதவில்லை. கெண்டைக்காலும் விரலும் இழுத்துப் பிடிக்கின்றன, வயதாகிறது இல்லையா. செல்வி மோரில் உப்புப் போட்டுக் கொடுக்கிறாள். மாற்றுச் சட்டையும் இரண்டு கொடுத்தனுப்புகிறாள். பழைய சட்டையைக் கழற்றி வைத்தால் உப்பில் விறைத்து நிற்கிறது. அதைப் பார்த்து லோகு சிரிக்கிறான்.

ஆய்வாளர் வரவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பெயரை அடித்துவிட்டு வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. லோகுவும் நானும் மட்டும் மிச்சம்.

நீ எழுதினாயே, குளிர்ந்த ஓரத்தில் இருந்தவற்றுக்குப் போக இடமில்லை என்று. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவற்றுக்குத் தெரிந்திருக்குமா? ஏன் கேட்கிறேன் என்றால்

சரி, சங்கு ஊதிவிட்டது. மீதி பிறகு.

எட்வர்ட்


பின் பள்ளத்தாக்கு
23 ஆகஸ்டு 2024

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உண்மையைச் சொல்.

வடக்கு முகத்திலிருந்து நேற்றுதான் இறங்கினோம். உன் நாலாம் தேதிக் கடிதம் மட்டும் காத்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. முதலில் உப்பு விறைத்த சட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன்.

வெயில் படாத இடம் என்றால் எந்த இடம்? கூரைக்குள் என்றால் எந்தக் கூரை? அண்ணா, அது முனுசாமி அண்ணன் நின்ற இடமா? பர்னஸ் வாயா?

வேலையை விட்டுவிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் விட்டுவிடு. தேர்வாய் கண்டிகையில் எத்தனை கம்பெனி இருக்கிறது, எங்கேயாவது செக்யூரிட்டியாகப் போ. எதுவும் கிடைக்காவிட்டால் வீட்டில் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லை என்று மட்டும் ஒரு வரி எழுது. அது வேறு இடம், நீ தப்பாக நினைத்துவிட்டாய் என்று எழுது. எத்தனை தப்பான கணக்கு போட்டிருக்கிறேன், இதுவும் தப்பாக இருக்கட்டும்.

மெர்சி


புதுகும்மிடிப்பூண்டி
19 ஆகஸ்டு 2024

அன்புள்ள மெர்சிக்கு அண்ணி செல்வி எழுதுவது.

நீ சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் தேதி உன் அண்ணன் பர்னஸ் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஒரு மாதமாக அங்கேதான் நின்றார். உனக்கு எழுதக்கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டார். "அவ அங்க தனியா கீறா. தெரிஞ்சா போட்டது போட்டபடி வந்துடுவா" என்றார். வீட்டுக்கு வந்தால் சோறு வேண்டாம், தண்ணீர் தண்ணீர் என்பார். தரையில் ஈரத்துணி விரித்துப் படுப்பார். வேலையை விடச் சொல்லி நான் காலில் விழாத குறை. "நானும் பேர அட்ச்சிட்டா லோகு ஒண்டியா மாட்டிக்குவான்" என்பார்.

விழுந்ததும் லோகுதான் இழுத்து வெளியே போட்டு, லாரி கழுவுகிற குழாயைப் பிடித்து உடம்பெல்லாம் தண்ணீர் அடித்திருக்கிறான். அதனால்தான் உயிர் இருக்கிறது என்று சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வாரம் கண் திறக்கவில்லை. கிட்னிக்கு மெஷின் போட்டார்கள். இப்போது கண் திறந்துவிட்டார். என்னைத் தெரிகிறது. ஆனால் பேச்சு குழறுகிறது மெர்சி. நாக்கு தடித்த மாதிரி, ஒன்றும் புரியவில்லை. கரண்டியைக் கொடுத்தால் கை வாய்க்குப் போகாமல் காதுப்பக்கம் போகிறது. அவருக்கே அது தெரிகிறது. அழுகிறார்.

உன் இருபத்துநாலாம் தேதிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுபடி படித்துக் காட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். வெயிலிலிருந்து தப்பித்ததற்குச் சந்தோஷம் என்று நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தில் என்னால் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, சொல்லிவிடுகிறேன். கல்லில் எத்தனையோ கோடி வருஷத்துச் சூட்டைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே என்று. பிறகு நினைத்தேன், பக்கத்திலேயே இருந்த நான் என்ன செய்துவிட்டேன்?

வா. அவர் வேண்டாம் என்பார். நான் கூப்பிடுகிறேன், வா.

செல்வி


புதுகும்மிடிப்பூண்டி
18 நவம்பர் 2024

அன்புள்ள தங்கை மெர்சிக்கு,

நலம். நீ நலமா. டேராடூனில் குளிரா.

இது நானே எழுதுவது. மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போனில் நான் பேசினால் உனக்குப் புரியாது. நீ புரிந்த மாதிரி உம் கொட்டுவாய். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் கடிதம்.

நீ இரண்டு மாதம் இங்கேயே இருந்தது போதும். போ என்று நான்தான் துரத்தினேன். அங்கே லேபில் மூட்டை மூட்டையாகக் கல் வைத்திருக்கிறாய். அதை முடி.

சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போகிறேன். செல்வி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்திருக்கிறாள். நாஷ்டா செய்து வைத்துவிட்டுப் போகிறாள். ஸ்பூனில் சாப்பிடுகிறேன். பாதி கீழே.

லோகு வந்தான். நான் விழுந்த பிறகு ஆய்வாளர் வந்தாராம். மணிக்கு ஒருமுறை வெளியே விட்டார்களாம். அடித்த பெயரை எல்லாம் திரும்ப எழுதினார்களாம். இப்போது மழை வந்ததும் நிறுத்திவிட்டார்கள். "மழையில இன்னாத்துக்கு ரெஸ்டு, சித்திரையில பாத்துக்கலாம்" என்றாராம் சரவணகுமார். என் இடத்தில் லோகு நிற்கிறான். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். உன் கடலில் எல்லாம் செத்த பிறகு திரும்ப வந்ததா? பவளம், மட்டி எல்லாம்? எவ்வளவு காலத்தில்? பேச்சு மெதுவாகத் திரும்பும் என்று செல்வி சொல்கிறாள். டாக்டர் சொன்னாராம். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம். நீ படித்தவள், உள்ளதைச் சொல்.

எட்வர்ட்


டேராடூன்
27 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? முதுகுவலியோடு கேன்டீனில் நின்றபடி வேலை, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்தக் கடிதத்தைக் கேன்டீன் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அண்ணன் கடிதம் வந்தது. ஒரு பக்கத்தை மூன்று நாள் எழுதியிருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் சாலை சரிந்து நான் காஜாவில் மாட்டிக்கொண்ட நாட்களில், நீங்கள் போனை அண்ணன் காதில் வைத்தீர்களே, அப்போது கேட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதே அண்ணன் இன்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்பட முயற்சி செய்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் நம் இருவரிடமும் சொன்னதை நீங்கள் மறைத்து வைத்திருப்பது சரிதான் அண்ணி. சூட்டால் சிறுமூளையில் பட்ட அடி, நடை கொஞ்சம் தேறும், பேச்சு இனி இவ்வளவுதான் என்றார். அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களிடம் கேட்காமல் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்கிறது. செத்த கடல் எவ்வளவு காலத்தில் திரும்பியது என்று.

எனக்கு அந்தப் பதில் தெரியும். முதல் வருஷ மாணவிக்கும் தெரியும். பவளம் மறுபடி தலைகாட்ட ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள். வந்ததும் பழைய பவளம் அல்ல, வேறு வம்சம். பழையதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனை வருஷம் இந்த எண்ணை எத்தனை பேர் முன்னால் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இன்று காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், கிழித்தேன்.

பொய் சொன்னால் அண்ணன் கண்டுபிடித்துவிடும். உண்மையைச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையை விட்டுவிடும். அண்ணி, நான் உண்மையில் பாதியை மட்டும் எழுதப்போகிறேன். உங்களைக் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.

உங்கள்,
மெர்சி


டேராடூன்
27 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். இங்கே குளிர்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் எழுத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிந்தது. இனி போனில் உம் கொட்டமாட்டேன். புரியாவிட்டால் புரியவில்லை என்பேன், நீ திரும்பச் சொல். எத்தனை தரம் ஆனாலும் சரி. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வந்ததும் லோகுவைக் கூப்பிடு. நீ அவனுக்குச் சொல்ல நினைத்ததை என்னிடம் சொல், அவனுக்குப் புரிகிற வரைக்கும் நான் சொல்கிறேன். அவன் அங்கே நிற்கக்கூடாது. சித்திரை வருவதற்குள் ஆய்வாளரிடம் நாம் மூன்று பேரும் போவோம்.

நீ கேட்டாயே, கடல் எல்லாம் செத்த பிறகு திரும்ப வந்ததா என்று.

வந்தது அண்ணா. பவளம் வந்தது, மட்டி வந்தது, எல்லாம் வந்தது.

சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு.

உன் தங்கை,
மெர்சி